பொருள் எண் பதினேழு

"கோட்டையெல்லாம் எறங்கு" என்கிறார் கண்டக்டர்.
இறங்குகிறோம்.
கோட்டை எங்கே என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் கேட்க வேண்டியிருந்தது.
மாநகராட்சியில் இளநிலைப் பொறியாளர்,
பூங்காவுக்கு மதிப்பீடு போடுகிறவள்.
மதிலின் நீளம் என்ற கட்டத்தில்
ஏதாவது எழுதியாக வேண்டும்.
டேப்பின் ஒரு முனையை அர்த்தநாரி பிடித்துக்கொண்டார்,
மறுமுனையோடு நான் நடந்தேன்.
பஞ்சர் கடையின் பின்சுவர் வரை பதினொன்றரை மீட்டர்.
அதற்கப்பால் கோட்டை
சாக்கடைக்குள் இறங்கிவிடுகிறது.

பழைய கோப்பு சொல்வது இவ்வளவுதான்:
படை போன பிறகு மதிலை ஏலம் விட்டார்கள்,
வண்டிக்கு இத்தனை அணா என்று.
கல் ஊருக்குள் நடந்து போயிற்று.
சில பாலத்துக்கு, சில கச்சேரிக்கு,
சில யார் யார் வீட்டுத் துவைகல்லாகவோ.
எதிரி வந்ததாக ஒரு வரியும் இல்லை.
காய்ச்சல் வந்திருக்கிறது,
நான்கு முறை.

மீந்தது பீரங்கி ஒன்று.
இருப்புப் பதிவேட்டில் பொருள் எண் பதினேழு.
பதினாறு குப்பைத்தொட்டி, பதினெட்டு சறுக்குமரம்.
கடலோரக் கோட்டை ஒன்றிலிருந்து
மாட்டுவண்டியில் வந்தது என்று குறிப்பு.
எந்தக் கடல் என்ற இடத்தைக்
கரையான் படித்து முடித்துவிட்டது.
கப்பலுக்காக வார்த்த குழல்
இங்கே வந்து
சேர்வராயன் மலையைக் குறிபார்த்து நின்றிருக்கிறது.
மலை என்ன செய்யும்,
சாயங்காலம் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.

சிப்பாய்கள் கால் மாற்றிய திடலில்
இப்போது எட்டு வடிவ நடைபாதை.
சர்க்கரை உள்ளவர்கள் அதன் மேலேயே போகிறார்கள்,
இப்படிப் பதினைந்து நிமிடம், அப்படிப் பதினைந்து.
கட்டளையிட யாரும் இல்லை, டாக்டரைத் தவிர.
எட்டரைக்கு அர்த்தநாரி விசில் ஊதினால்
கதவு சாத்தப்படும்.
அந்த நாளில் அதற்கும் பீரங்கிதானாம்.

போன ஆனியில் ஒரு ஞாயிறு.
ஷம்ஷாத்தின் மகள் நிலோஃபர், ஏழு வயது,
உள்ளே உருண்ட பந்துக்காகக் கை விட்டாள்.
போன கை வரவில்லை.
பந்தை விட்டால் வரும்.
விடமாட்டாள்.

எட்டுப் போட்டவர்கள் எட்டை விட்டு ஓடிவந்தார்கள்.
"உடு கண்ணு" என்றார்கள்.
பஜ்ஜிக் கடையிலிருந்து எண்ணெய் வந்தது,
சூடு ஆறும்வரை காத்திருந்தோம்.
தீயணைப்பு வண்டி வந்து
எதை அணைப்பது என்று தெரியாமல் நின்றது.
"என்னோடது" என்றாள் அவள்,
இரும்புக்குள் ஒரு காதை வைத்தபடி,
யாரிடமோ.

நாற்பது நிமிடம்.
பிறகு அவளே சலித்துப்போய்க் கையைத் திறந்தாள்.
முழங்கை வரை துரு,
உள்ளங்கையில் கொஞ்சம் மணல்,
மணலில் அரை நகம் அளவு ஒரு சிப்பி.

கடல் என்று எனக்கு வாய் வரை வந்தது.
"பில்லிங் மண்ணுங்க மேடம்" என்றார் கான்ட்ராக்டர்.
"மதிலுக்குப் பூசுன கிளிஞ்சலாட்டம் இருக்குது"
என்றார் அர்த்தநாரி.
சிப்பி இப்போது என் மேசையில்,
குண்டூசி டப்பாவுக்குள்.
அது எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

மறுநாள் நானே எழுதினேன்:
பீரங்கியின் வாய் அடைத்தல், கலவை இரண்டு சட்டி.
பந்து எடுக்க வராததால் உள்ளேயே இருக்கிறது.
கடைசியாக ஏற்றிய குண்டு
பச்சை நிறம், விலை பத்து ரூபாய்.
இதை மட்டும் எழுதவில்லை.

அடுத்த வாரம் வந்தாள்.
காயாத சிமெண்டில் விரலால் தட்டிப் பார்த்தாள்.
"உள்ளதான இருக்குது?"
"உள்ளதான்."
"யாராலயும் எடுக்க முடியாதில்ல?"
"முடியாது."
சரி என்று தலையாட்டிவிட்டுச்
சறுக்குமரத்துக்கு ஓடினாள்.